வெடித்த பிறகு வரும் இரண்டு நாட்கள்

கேள்வி: எனக்கு 36 வயது. அலுவலகத்தில் என்னைப் பொறுமைசாலி என்பார்கள். வீட்டுக்குள் நான் வேறு ஆள். மாதத்துக்கு இரண்டு மூன்று முறை, ஒன்றுமில்லாத விஷயத்துக்கு வெடித்துவிடுகிறேன். கத்துவேன், அழுவேன், கையில் கிடைப்பதை எறிவேன். சில சமயம் என் தலையிலேயே அடித்துக்கொள்வேன். போன வாரம் ஒரு பில் கட்டும்படி கணவரிடம் மூன்று தடவை சொல்லியிருந்தேன். மறந்துவிட்டார். அன்று முந்தின இரவு ஆபீஸ் வேலை முடித்து ஒரு மணிக்குப் படுத்தவள், மதியம் சாப்பிடவும் இல்லை. மாலை வந்து பில்லைப் பற்றிக் கேட்டால், "இதுக்குப் போயா இவ்வளவு?" என்றார். டிவி ரிமோட்டைச் சுவரில் எறிந்தேன். ஐந்து நிமிடத்தில் அவர் போனை எடுத்துப் பில்லைக் கட்டிவிட்டார். ஏழு வயது மகள் வந்து, "அம்மா, நான் இனிமே சத்தம் போட மாட்டேம்மா" என்றாள். அவள் சத்தமே போடவில்லை. அடுத்த இரண்டு நாட்கள் யார் முகத்தையும் பார்க்க முடியாமல், கேட்டதையெல்லாம் செய்துகொடுத்துக்கொண்டு இருந்தேன். ஒன்று இரண்டு எண்ணுவது, தியானம் எல்லாம் பழகினேன். அந்த நேரத்தில் எதுவும் ஞாபகம் வருவதில்லை. அடக்கி வைப்பதால்தான் வெடிக்கிறது, தலையணையைக் குத்தித் தீர்த்துவிடு என்கிறாள் தோழி. இது என் சுபாவமா, வியாதியா? மாத்திரை வேண்டியிருக்குமா? ஆலோசகரைப் பார்க்கப் போனால் கணவரையும் அழைத்துப் போகணுமா?

பதில்:

அன்புள்ள வாசகிக்கு,

ரிமோட்டை எறிந்த மாலையைப் பற்றி விவரமாக எழுதிவிட்டு, அதற்கடுத்த இரண்டு நாட்களை ஒரே வரியில் முடித்துவிட்டீர்கள். எனக்கு முக்கியமாகப் படுவது அந்த ஒரு வரிதான். உங்களுடைய அடுத்த வெடிப்பு தயாராவது அந்த இரண்டு நாட்களில்தான் என்று நினைக்கிறேன். அதை விளக்குவதற்கு முன், உங்கள் தோழியின் யோசனைக்குப் பதில் சொல்லிவிடுகிறேன். ஏனென்றால் நல்ல மனதோடு சொல்லப்படும் தப்பான யோசனை அது.

கோபத்தைக் குத்தித் தீர்க்கலாம் என்பதை ஆராய்ச்சியில் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். அமெரிக்க உளவியலாளர் பிராட் புஷ்மன் 2002-ல் கல்லூரி மாணவர்களுக்கு வேண்டுமென்றே கோபமூட்டிவிட்டு, சிலரை அந்த ஆளை நினைத்துக்கொண்டே குத்துப்பையைக் குத்தச் சொன்னார். சிலரைச் சும்மா உட்கார வைத்தார். குத்தியவர்களுக்குக் கோபம் கூடியிருந்தது. சும்மா உட்கார்ந்திருந்தவர்களிடம்தான் ஆத்திரம் குறைவாக இருந்தது. 2024-ல் அவரும் சோஃபி கியர்விக்கும் சேர்ந்து 154 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோதும் அதே கதைதான்: உடலின் படபடப்பைத் தணிக்கிற மூச்சுப் பயிற்சி, தியானம், தசைகளைத் தளர்த்துவது போன்றவை கோபத்தைக் குறைத்தன, படபடப்பைக் கூட்டுகிற காரியங்கள் பொதுவாகப் பலன் தரவில்லை. ஓடுவதுகூடக் கோபத்தைக் கூட்டவே செய்தது. குத்தி முடித்ததும் வரும் அந்த நிம்மதி, வெறும் களைப்பாகவும் இருக்கலாம். மூளை அதற்குள் "கோபம் வந்தால் கையை ஓங்கு" என்று இன்னொரு முறை பழகிக்கொண்டிருக்கும்.

ஆனால் "அடக்கி வைப்பதால்தான்" என்று உங்கள் தோழி சொன்ன பாதி சரி. அதற்குப் பிறகு வருகிறேன்.

எண்ணுவதும் தியானமும் அந்த நேரத்தில் ஞாபகம் வராததற்கு உங்களைத் திட்டிக்கொள்ளாதீர்கள். அப்போது ஞாபகம் வராது. மூளையின் ஆழத்தில் அமிக்டலா என்றொரு பகுதி, ஆபத்து என்று பட்டதும் உடலை உசுப்பிவிடும்: அட்ரினலின் பாயும், இதயம் வேகமெடுக்கும், தசைகள் இறுகும். நெற்றிக்குப் பின்னால் இருக்கும் பகுதி அதை எடைபோட்டு, "பில்தானே, நாளைக்குக் கட்டலாம்" என்று தணிக்க வேண்டும். உச்சத்தில் இந்த இரண்டாவது பகுதியின் பேச்சு எடுபடாது. எண்ணுவதும், பொறுமையாக யோசிப்பதும், நியாயம் பேசுவதும் அந்தப் பகுதி செய்யும் வேலைகள். எனவே அந்த ஒன்றிரண்டு நிமிடங்களில் உங்களிடம் மீதமிருப்பது உடம்பு மட்டும்தான். உடம்பு வழியாக மட்டுமே உள்ளே போக முடியும்.

குளிர்ந்த நீர் அதற்கு நல்ல வழி. ஒரு பாத்திரத்தில் நீர் நிரப்பி, மூச்சைப் பிடித்துக்கொண்டு கண்ணும் கன்னமும் நனையும்படி முகத்தை 15 முதல் 30 நொடி அமிழ்த்துங்கள். அல்லது குளிர்ந்த ஈரத்துணியைக் கண்ணுக்கு மேல் அழுத்தி வைத்துக்கொண்டு மூச்சைப் பிடியுங்கள். நீருக்குள் மூழ்கும்போது இதயத்துடிப்பைக் குறைக்கும் ஓர் அனிச்சை எல்லோர் உடலிலும் இருக்கிறது, அதைத்தான் பயன்படுத்துகிறோம். இதய நோய் உள்ளவர்கள், நாடித்துடிப்பு ஏற்கெனவே குறைவாக இருப்பவர்கள், சாப்பாட்டைத் தவிர்க்கும் மனநோய் இருப்பவர்கள் டாக்டரைக் கேட்காமல் இதைச் செய்யக்கூடாது. உங்களுக்கு இது ஒத்துவராவிட்டால், மூச்சை இழுக்கும் நேரத்தைவிட விடும் நேரத்தை நீட்டுங்கள். நான்கு எண்ணும்வரை இழுத்து ஆறு எண்ணும்வரை விடலாம். மூச்சை வெளியே விடும்போதுதான் இதயம் நிதானப்படும். இதையெல்லாம் அமைதியாக இருக்கும் நாட்களில் செய்து பழகியிருக்க வேண்டும். முதல் தடவையே ரிமோட் கையில் இருக்கும்போது செய்து பார்த்தால் வராது.

இன்னொன்று, அந்த இடத்தைவிட்டு நகர்வது. இதைப் பலரும் தப்பாகச் செய்கிறார்கள். கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே போய் அரை மணி நேரம் அவர் பேசியதற்கெல்லாம் மனதுக்குள் பதில் சொல்லிக்கொண்டிருந்தால், வெளியே வரும்போது கோபம் இரட்டிப்பாகியிருக்கும். தம்பதிகளின் சண்டையைப் பல ஆண்டுகள் ஆய்வு செய்த ஜான் காட்மன் ஒரு வேடிக்கையான காரியம் செய்தார். சண்டை நடந்துகொண்டிருக்கும்போதே குறுக்கிட்டு, கருவியைச் சரிசெய்ய வேண்டியிருக்கிறது, அதுவரை இதைப் பற்றிப் பேசாமல் பத்திரிகை படித்துக்கொண்டிருங்கள் என்று சொல்லியிருக்கிறார். அரை மணி கழித்துப் பேச்சைத் தொடர்ந்தபோது இருவரின் இதயத்துடிப்பும் இறங்கியிருந்தது. பேச்சும் தன்மையாக இருந்தது. உடல் அடங்கக் குறைந்தது 20 நிமிடமாவது ஆகும் என்பது அவர் கணக்கு. எனவே விலகிப் போனதும் கைக்கு வேலை கொடுங்கள்: துணி மடிக்கலாம், ஏதாவது படிக்கலாம். தோழிக்குப் போன் போட்டு நடந்ததை முதலிலிருந்து சொல்லத் தொடங்குவது மட்டும் வேண்டாம்.

போவதற்கு முன் ஒரு வாக்கியம் சொல்லிவிட்டுப் போகணும். "எனக்கு இப்ப முடியல. அரை மணி நேரத்துல வந்து பேசறேன்." அவ்வளவு போதும். சொன்ன நேரத்துக்குத் திரும்பி வரவும் வேண்டும். சொல்லாமல் போனாலோ, வராமல் இருந்தாலோ எதிரில் இருப்பவருக்கு அது தண்டனை போலத் தெரியும். பின்னாலேயே வருவார், சண்டை அறைக்குள் தொடரும். இந்த வாக்கியத்தைச் சொன்னால் பின்னால் வரக்கூடாது என்று ஒரு நல்ல நாளில் கணவரிடம் பேசி வைத்துக்கொள்ளுங்கள்.

சரி, அந்த நாளுக்கு வருகிறேன். "ஒன்றுமில்லாத விஷயத்துக்கு" என்று எழுதியிருக்கிறீர்கள். நீங்கள் கொடுத்த தகவலை வைத்தே பார்க்கலாம். முந்தின இரவு ஒரு மணிக்குத்தான் படுக்கை. 2007-ல் நடந்த ஒரு மூளை ஸ்கேன் ஆய்வில், ஓர் இரவு தூங்காதவர்களுடைய அமிக்டலா, வேதனை தரும் படங்களைப் பார்த்தபோது தூங்கியவர்களைவிட 60 சதவீதம் அதிகமாகக் கிளர்ந்தது. நீங்கள் முழு இரவும் விழித்திருக்கவில்லை, இருந்தாலும் திசை அதுதான். மதியம் வெறும் வயிறு. நாள் முழுக்க அலுவலகத்தில் பொறுமைசாலி வேடம். அதற்கும் உழைப்பு வேண்டும். மூன்று தடவை சொல்லியும் நடக்காத ஒரு காரியம். கடைசியாக, "இதுக்குப் போயா?" இத்தனையும் சேர்ந்தது எப்படி ஒன்றுமில்லாத விஷயமாகும்? பில் இந்தச் சங்கிலியின் கடைசிக் கண்ணி மட்டும்தான்.

ஒவ்வொரு முறை நடந்த பிறகும் இப்படிப் பின்னோக்கி ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். எந்தக் கண்ணியை அறுத்திருக்க முடியும் என்பதுதான் கேள்வி. பெரும்பாலும் அறுக்கக் கூடிய கண்ணி மாலையில் இருக்காது, காலையிலோ முந்தின இரவிலோ இருக்கும். நான்கைந்து தாள்கள் சேர்ந்ததும் உங்களுக்கே ஒரு வடிவம் தெரியும்.

அந்தத் தாளை ரிமோட்டோடு நிறுத்திவிடாதீர்கள். நான் முதலில் சொன்ன இரண்டு நாட்களையும் எழுதுங்கள். அந்த நாட்களில் கேட்டதையெல்லாம் செய்கிறீர்கள். யாரிடமும் எதுவும் கேட்பதில்லை, கேட்கும் தகுதி போய்விட்டது என்று நினைக்கிறீர்கள். கணவர் எதையாவது மறந்தாலும் வாய் திறப்பதில்லை. அவர் வேலையையும் சேர்த்து நீங்களே செய்கிறீர்கள், தூக்கம் குறைகிறது, உள்ளுக்குள் சின்னச் சின்னக் குறைகள் சேர்கின்றன. தோழி சொன்னதில் பாதி சரி என்றேனே, அது இதுதான். நீங்கள் அடக்கி வைப்பது கோபத்தை மட்டுமல்ல, கேட்க வேண்டியதையும்தான். இது கடன் வாங்கிக் கடன் அடைப்பது மாதிரி. பத்து நாள் கழித்து வட்டியோடு வந்து நிற்கும்; மறுபடி வெடிப்பு, மறுபடி வெட்கம்.

"நான் செய்தது தப்பு" என்பதும் "நானே தப்பானவள்" என்பதும் ஒன்று போலத் தெரியும். இரண்டும் இட்டுச்செல்லும் இடம் வேறு. ஜூன் டேங்னி என்ற உளவியலாளரின் ஆய்வுகளில், முதல் வகை உணர்வு உள்ளவர்கள் நடந்ததைச் சரிசெய்யப் போனார்கள். இரண்டாம் வகையில் உழல்பவர்களிடம் கோபமும் பிறர் மீது பழிபோடுவதும் கூடுதலாக இருந்தன. நீங்கள் முகம் பார்க்க முடியாமல் கழிக்கும் இரண்டு நாட்கள் இரண்டாம் வகை. அது தண்டனையாகத் தெரியலாம், திருத்தமாக வேலை செய்வதில்லை. சொல்லப்போனால் அது சரிசெய்வதைத் தள்ளிப்போடுகிறது.

உங்கள் வீட்டில் இன்னொன்றும் நடக்கிறது. சாதாரணமாகச் சொன்ன மூன்று முறையும் பில் கட்டப்படவில்லை. ரிமோட் உடைந்த ஐந்தாவது நிமிடம் கட்டப்பட்டது. உங்கள் கணவரைக் கெட்டவர் என்று சொல்ல வரவில்லை. ஆனால் தணிந்த குரலுக்குப் பலனில்லை, கத்தலுக்கு உடனே பலன் என்றால் எந்த மூளையும் எதைக் கற்றுக்கொள்ளும்? அதுவும் ஒவ்வொரு தடவையும் இல்லாமல் சில தடவை மட்டும் பலன் தரும் பழக்கம்தான் விடுவதற்கு மிகக் கடினமானது. இதை நீங்கள் இருவரும் உட்கார்ந்து பேசியாக வேண்டும். அவருக்கான பங்கு எளிமையானது: சாதாரணக் குரலில் சொல்லும் முதல் தடவையே பதில் சொல்வது. முடியாவிட்டால் "முடியாது, நாளைக்குப் பண்றேன்" என்றாவது சொல்வது. அப்புறம் "இதுக்குப் போயா" என்ற வார்த்தையை ஒழித்துக்கட்டுவது. உங்களுக்கான பங்கு, இரண்டாம் தடவை சொல்ல வேண்டி வரும்போதே, "இது ரெண்டாவது தடவை, எனக்குக் கடுப்பாகுது" என்று வாய்விட்டுச் சொல்வது. பத்துக்கு மூன்று என்ற அளவில் கோபம் இருக்கும்போது சொன்னால் அது பேச்சு. ஒன்பதில் சொன்னால் ரிமோட்.

இப்போது உங்கள் மகள். இந்தக் கடிதத்தில் அவசரமான விஷயம் அவளுடையது. அந்த வயதுக் குழந்தைகள் வீட்டில் எது நடந்தாலும் தங்களால்தான் நடந்தது என்று எளிதாக நினைத்துக்கொள்வார்கள். சத்தமே போடாதவள் சத்தம் போட மாட்டேன் என்று சொன்னது அதனால்தான். இன்னும் நீங்கள் அவளிடம் அதைப் பற்றிப் பேசவில்லை என்றால் இன்றே பேசுங்கள், ஒரு வாரம் கழிந்துவிட்டாலும் பரவாயில்லை. ஏறக்குறைய இப்படி: "அன்னிக்கு அம்மா ரிமோட்டைத் தூக்கி எறிஞ்சேன்ல, அது நீ பண்ணின எதனாலயும் இல்லடா. எனக்கு வேற விஷயத்துல கோபம். கோபம் வரலாம். ஆனா தூக்கி எறிஞ்சது தப்பு, அது அம்மாவோட தப்பு. அதைச் சரி பண்ண நான் பழகிக்கிட்டு இருக்கேன். உனக்கு அப்போ பயமா இருந்துச்சா?" அவள் சொல்வதைக் குறுக்கிடாமல் கேளுங்கள். "அப்பா மட்டும் ஒழுங்கா இருந்திருந்தா" என்று சேர்க்காதீர்கள். "அம்மாவை மன்னிச்சிடுவியா?" என்று கேட்காதீர்கள், மன்னித்து உங்களைத் தேற்றும் பொறுப்பு அவள் தலையில் விழும். அதே காரணத்துக்காக அழுதுகொண்டே பேசவும் வேண்டாம். பொம்மை வாங்கிக் கொடுத்துச் சமாளிக்கவும் வேண்டாம். இந்தப் பேச்சு இரண்டு நிமிடத்தில் முடிந்துவிடும். அது முடிந்தால் உங்களுக்கும் இரண்டு நாள் வெட்கம் தேவைப்படாது. கணவரிடமும் அப்படித்தான்: எறிந்ததற்கு மன்னிப்பு, பில் விஷயத்தில் இருந்த கோரிக்கை அப்படியே நிற்கும். தப்பு செய்துவிட்டோம் என்பதற்காகக் கேட்ட நியாயத்தை விட்டுக்கொடுக்க வேண்டியதில்லை.

சுபாவமா, வியாதியா என்றால், இரண்டுமே இல்லாமலும் இருக்கலாம், இரண்டும் கொஞ்சம் கலந்தும் இருக்கலாம். சிலருக்கு உணர்ச்சி சீக்கிரம் வரும், அதிகமாக வரும், இறங்கவும் நேரமாகும். இந்த மூன்றும் சேர்ந்த மனிதர்கள், "இதெல்லாம் ஒரு விஷயமா" என்று சொல்லும் சூழலில் வளர்ந்தால் சிக்கல் முற்றுகிறது என்று விளக்கியவர் அமெரிக்க உளவியலாளர் மார்ஷா லைனஹன். உணர்ச்சிகளைக் கையாளப் பழக்கும், டிபிடி எனப்படும் டயலெக்டிகல் பிஹேவியர் தெரபியை உருவாக்கியவர். மேலே நான் சொன்ன குளிர்ந்த நீரும், பின்னோக்கி எழுதும் தாளும் அந்தச் சிகிச்சையில் கற்றுத்தருபவை. பதின்வயதில் தானே மனநல மருத்துவமனையில் சேர்க்கப்பட்டிருந்ததை 2011-ல் அவர் வெளிப்படையாகச் சொன்னார். இப்படிப்பட்ட சுபாவத்தோடு பிறந்தவர் இப்படியேதான் இருக்க வேண்டும் என்பதில்லை.

ஆனால் உடல் காரணங்களைப் பார்க்காமல் மனதை மட்டும் குடைவதில் எனக்கு உடன்பாடில்லை. தைராய்டு அதிகமாகச் சுரந்தால் எரிச்சலும் படபடப்பும் வரும். ஒரு ரத்தப் பரிசோதனை போதும். வெடித்த நாட்களையும் மாதவிடாய் நாட்களையும் ஒரே காலண்டரில் இரண்டு மாதமாவது குறித்து வையுங்கள். எல்லாம் மாதவிடாய்க்கு முந்தைய வாரத்தில் குவிந்து, வந்த சில நாட்களில் அடங்கிவிடுகிறது என்றால் அதற்குத் தனிச் சிகிச்சை உண்டு. ஸ்டீராய்டு மாத்திரைகளும், வலிப்புக்குத் தரப்படும் லெவெட்டிராசெட்டம் போன்ற சில மருந்துகளும் எரிச்சலைக் கூட்டக்கூடும். நீங்கள் எதையாவது எடுத்துக்கொண்டிருந்தால் டாக்டரிடம் சொல்லுங்கள், நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். மனச்சோர்வு எல்லோருக்கும் அழுகையாக வருவதில்லை, சிலருக்குச் சிடுசிடுப்பாகத்தான் வரும். சிறுவயதிலிருந்தே கவனச்சிதறலும் அவசரமும் உண்டென்றால் ஏடிஹெச்டி இருக்கிறதா என்று பார்க்கணும். தூக்கமே தேவைப்படாமல் நாள்கணக்கில் துள்ளலாக இருந்த காலம் ஏதாவது உண்டா என்றும் மருத்துவர் கேட்பார். மறைக்காமல் சொல்லுங்கள், மருந்தின் தேர்வே அதனால் மாறும்.

கோபத்துக்கென்று தனி மாத்திரை கிடையாது. அடியில் மனச்சோர்வோ பதற்றமோ இருந்தால் அதற்கான மருந்து, கூடவே கோபத்தையும் தணிக்கக்கூடும். எதுவும் இல்லையென்றால் பேச்சுவழிச் சிகிச்சையும் பயிற்சியுமே போதுமானதாக இருக்கலாம்.

தலையில் அடித்துக்கொள்வதை "சில சமயம்" என்று போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். அதை நான் போகிற போக்கில் படிக்கவில்லை. ஆலோசகரிடம் முதல் நாளே அதைச் சொல்லுங்கள். செத்துவிடலாம் என்ற எண்ணம் எப்போதாவது வந்தாலோ, குழந்தையின் மேல் கை நீளும் என்ற பயம் வந்தாலோ அப்பாயின்ட்மென்ட் நாள்வரை காத்திருக்க வேண்டாம். அன்றே பக்கத்தில் இருக்கும் மருத்துவமனைக்குப் போங்கள், வீட்டில் ஒருவரிடம் சொல்லிவிட்டுப் போங்கள்.

கணவரை அழைத்துப் போவதா என்று கேட்டிருக்கிறீர்கள். முதல் முறை தனியாகப் போங்கள். கூட ஒருவர் இருந்தால் நீங்கள் ஒன்று வக்கீலாகிவிடுவீர்கள், இல்லை குற்றவாளியாகிவிடுவீர்கள். இரண்டு நிலையிலும் உண்மை பாதிதான் வரும். உங்களுடைய தாள்களையும் காலண்டரையும் எடுத்துக்கொண்டு போனால் முதல் சந்திப்பிலேயே நிறைய நேரம் மிச்சமாகும். இரண்டு மூன்று அமர்வுக்குப் பிறகு அவரையும் ஒரு முறை வரச் சொல்லலாம். அந்த அரை மணி நேர வாக்கியத்தையும் "இதுக்குப் போயா"வையும் மூன்றாம் ஆள் ஒருவர் முன்னிலையில் பேசுவது எளிது. அவர் வர மறுத்தால் அதற்காக உங்கள் சிகிச்சையைத் தள்ளிப்போட வேண்டாம்.